ரஷ்யத் தேவாலயத்தில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்

இருபத்துமூன்று தமிழர்கள் ஒரு ரஷ்யத் தேவாலயத்தின் வெளிச்சுவரை முகர்ந்துகொண்டு நின்றார்கள்.

எல்லோரும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். ஐந்து பேர் வோக்கர் என்ற நடைவண்டியோடு வந்தவர்கள். வோக்கரைப் புல்லில் விட்டுவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் மூக்கை நுழைக்கப் பார்த்தார்கள்.

"எனக்கு மணக்குது" என்றார் ஒருவர்.

"அது உங்கட மீசையில இருக்கிற தேத்தண்ணி" என்றார் அவர் மனைவி.

அவர்களுக்குப் பின்னால், தலையில் நீலச் சால்வை கட்டிய வேரா அம்மையார் கையில் சாவிக்கொத்துடன் நின்றார். எழுபது வயதைக் கடந்த அவர்தான் எங்களுக்குத் தேவாலயத்தைச் சுற்றிக் காட்டுகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் இப்போது என்ன சொன்னேன்?"

அவர் சொன்னது ஒன்று. நான் தமிழில் சொன்னது வேறொன்று. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

பதினொரு நிமிடப் பதில்

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றிச் சொல்கிறவள். மொழிபெயர்ப்பாளர். அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒருமுறை ஒரு விசாரணையில் ஒருவரிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார்கள். அவர் தன் கலியாணத்துக்குச் சாதகம் பார்த்த இடத்திலிருந்து தொடங்கினார். மாமனார் முதலில் சம்மதிக்காதது, பிறகு சம்மதித்தது, மழைக்குப் பந்தல் சரிந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நானும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பதினொரு நிமிடம். விசாரிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் எத்தனை?" என்றார். "அதைத்தானே சொல்லிக்கொண்டு வாறன்" என்றார் இவர். அதையும் மொழிபெயர்த்தேன்.

இருபது வருடத்துக்கு மேலாக இப்படி. வாயைத் திறந்தால் வருவது எல்லாம் மற்றவர்களின் சொற்கள். என் சொந்தச் சொற்கள் உள்ளே வரிசையில் நின்று களைத்துப்போயிருந்தன. அன்றைக்குக் கதவு கொஞ்சம் திறந்ததும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. எனக்கு வேறு விளக்கம் கிடையாது.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் உள்ள முதியோர் சங்கத் தலைவர்தான் என்னைக் கூப்பிட்டவர்.

"நயாகராவைப் பதினாலு தரம் பாத்திட்டம் பிள்ளை. தண்ணி ஒவ்வொரு தரமும் அதே பக்கந்தான் விழுகுது. இந்த முறை வேற ஏதும் பாப்பம்."

வருடத்தில் ஒரு வார இறுதியில் ரொறன்ரோவின் பழைய கட்டடங்கள் பலவற்றை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் அவர் கண்ணில் பட்டது நகரின் மேற்குப் பக்கத்தில் இருந்த இந்த ரஷ்ய நினைவுத் தேவாலயம். காரணம் கேட்டேன். "படத்தில வடிவா இருந்தது, பக்கத்தில வோஷ்ரூம் எண்டும் போட்டிருந்தது" என்றார்.

வெங்காயமா, கும்பமா?

மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஒன்றில் போய் இறங்கினோம். மே மாதத்துக் குளிர் இன்னும் முழுதாகப் போகவில்லை. செர்ரிப் பூக்கள் கொட்டி, நடைபாதை இளஞ்சிவப்பாகக் கிடந்தது.

இரண்டு மாடி வீடுகளின் வரிசைக்கு நடுவே திடீரென்று ஒரு செங்கல் கூடாரம். கூடாரம் என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. ரஷ்யர்களே அந்த வகைக் கூரையை அப்படித்தான் அழைக்கிறார்களாம். கீழே சதுரமான தடித்த சுவர். சுவரின் உச்சியில் அரைவட்ட வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி மூன்று வரிசை. அதற்கு மேல் எட்டுப் பக்கமாக ஒடுங்கி ஒடுங்கி உயரும் செங்கல் கூரை. அதன் நுனியில், கோவில் கும்பம் போல, அவ்வளவு உயரத்துக்குப் பொருத்தமே இல்லாத ஒரு சின்னப் பொன்நிற வெங்காயக் குமிழ். வெங்காயத்தின் மேல் சிலுவை. சிலுவையில் மூன்று குறுக்குச் சட்டங்கள், அடியில் உள்ளது சரிந்திருந்தது.

"ஆணி கழண்டு போச்சுதோ?" என்றார் ஒரு அன்ரி.

வேரா அம்மையார் விளக்கம் சொன்னார். அந்தச் சட்டம் இயேசுவின் பாதம் தாங்கியது. உயர்ந்த பக்கம், அவரோடு சிலுவையில் அறையப்பட்டு மனம் திருந்திய கள்வனுக்கு. தாழ்ந்த பக்கம், திருந்தாதவனுக்கு. இதை நான் சரியாகவே சொன்னேன். வெங்காயத்தில்தான் வழுக்கத் தொடங்கினேன்.

"பனி தங்காமல் இருக்க அந்த வடிவம் என்று சிலர் சொல்கிறார்கள். மெழுகுதிரிச் சுடரின் வடிவம் என்று வேறு சிலர்" என்றார் வேரா.

நான் சொன்னேன்: "பனி நிக்காமல் வழுக்கி விழத்தான் உந்த வடிவமாம். ஒருக்கால் ரஷ்யாவில ஒரு தளபதியின்ர தலையில பொத்தெண்டு விழுந்து, அவர் அண்டைக்கே வேலையை விட்டிட்டாராம்."

சிரிப்பு எழுந்தது. அதுவரை குளிருகிறது, கால் உளைகிறது என்று முணுமுணுத்தவர்கள் என் பக்கம் நெருங்கி வந்தார்கள். வேரா அம்மையாரும் மகிழ்ந்து போனார். பனி பற்றித் தான் சொன்னது இவ்வளவு எடுபட்டதில்லை என்று அவர் முகம் சொன்னது.

ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு முதல் சிரிப்பு மிகவும் ஆபத்தானது.

சிலை வைக்காதவர்கள்

வேரா அம்மையார் சொன்னவற்றில் நான் கை வைக்காமல் சொன்ன பகுதியும் உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

போரில் செத்தவர்களுக்கு மற்ற நாடுகளில் தூண் எழுப்புவார்கள், குதிரையில் ஒரு மனிதனை ஏற்றிச் சிலை வைப்பார்கள். ரஷ்யர்கள் தேவாலயம் கட்டுவார்கள். வென்றாலும் கட்டுவார்கள், தோற்றாலும் கட்டுவார்கள். செத்தவனுக்குக் கல் எதற்கு, அவன் பெயரை யாராவது வாயால் சொல்லவேண்டும், அதற்கு ஒரு கூரை வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

ரொறன்ரோவில் இதைக் கட்டியவர்கள் புரட்சிக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடி, நாலைந்து நாடுகளில் இருந்து பார்த்து, பெரிய போரும் முடிந்தபின் இங்கே வந்து சேர்ந்தவர்கள். வாரநாட்களில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் இங்கே. வரைபடம் கீறியவர் ஊரில் பாலம் கட்டியவர், இங்கே ஒரு பாடசாலையில் தரை துடைத்தவர். பழைய ரஷ்யக் கூடாரக் கூரையை நினைவிலிருந்தே கீறினாராம். அந்தக் கூரைக்கு ரஷ்யாவில் ஒரு காலத்தில் மதத் தலைவர் ஒருவரே தடை போட்டிருந்தாராம், குமிழ் ஐந்து வைத்துத்தான் கட்டவேண்டும் என்று. "எங்களிடம் ஒன்றுக்கு மேல் வாங்க வசதி இருக்கவில்லை. அதனால் கூடாரம்" என்றார் வேரா.

கலவை குழைத்தவர் முன்னாள் கர்னல். செங்கற்கள் இடிக்கப்பட்ட ஒரு சவர்க்காரத் (சோப்) தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பெண்கள் சுற்றியிருந்து, தேநீர்க் கரண்டியால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, ஒவ்வொரு கல்லாகத் துடைத்துக் கொடுத்தார்களாம்.

இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ புகுந்தது.

"இந்தச் செங்கல்லெல்லாம் ஒரு பிஸ்கற் ஃபக்டரியிலயிருந்து கொண்டு வந்ததாம். இண்டைக்கும் கிட்டப் போய் மணந்து பாத்தால் லேசா வனிலா மணக்குமாம்."

அடுத்த கணம் இருபத்துமூன்று பேரும் சுவரில்.

"அவர்களுக்குச் செங்கல் மிகவும் பிடிக்கும்" என்று வேரா அம்மையாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். இத்தனை வருடமாகச் சுற்றிக் காட்டுகிறேன், செங்கல்லுக்கு இப்படி மரியாதை செய்தவர்களைக் கண்டதில்லை என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு மெல்லிய குரல்.

"மகள், அவ சவர்க்காரம் எண்டெல்லோ சொன்னவ?"

கணேசமூர்த்தி அங்கிள். மட்டக்களப்புக்காரர். ஊரில் நீர்ப்பாசனப் பகுதியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றபின் மகனிடம் வந்தவர். நல்ல ஆங்கிலம் தெரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவரும் கடமைக்கு மூக்கைச் சுவரில் வைத்தபடிதான் கேட்டார்.

"சவர்க்காரமெண்டால் ஆர் அங்கிள் மணப்பினம்?" என்றேன்.

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று மீண்டும் முகர்ந்தார்.

தூண் எங்கே?

உள்ளே போனதும் முதலில் எழுந்த கேள்வி சமயம் பற்றியது அல்ல.

"கதிரை எங்க?"

கதிரை இல்லை. ரஷ்யத் தேவாலயத்தில் நின்றுதான் வழிபடுவார்கள். சுவரோரமாக, வயதானவர்கள் உட்கார இரண்டு நீள வாங்குகள். அவற்றில் அமரும் அளவுக்கு யார் வயதானவர் என்பதில் சிறு பிணக்கு ஏற்பட்டு, வோக்கரில் வந்தவர்கள் அதன் இருக்கையிலேயே அமர்ந்துகொண்டதில் தீர்ந்தது.

சாம்பிராணி மணத்தது. முன்னால் சுவர் முழுக்க மறைத்தபடி ஒரு மரத்தட்டி, அதில் வரிசை வரிசையாகப் புனிதர்களின் படங்கள், நடுவில் சாத்திய பொன்நிறக் கதவு. அதற்குப் பின்னால் பீடம் இருக்கிறது, குருமார் மட்டும் போகலாம் என்றார் வேரா. "ஓ, திரை போட்டிருக்கு. பூசை முடிஞ்சுது" என்று கோவில்காரர்கள் தங்களுக்குள் விளங்கிக்கொண்டார்கள். அதை நான் திருத்தவில்லை. திருத்தவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகு எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

உள்ளேயிருந்து பார்க்கத்தான் அந்தக் கூடாரத்தின் விஷயம் தெரிந்தது. எட்டுப் பக்கமும் மேலே மேலே ஒடுங்கிப் போய், உச்சியில் தட்டளவு வெளிச்சம். கீழே ஒரு தூண்கூட இல்லை. வேரா அம்மையார் உற்சாகத்தோடு விளக்கினார். சதுரத்தின் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே ஒரு வளைவு பாய்கிறது, அதனால் நாலு எட்டாகிறது, பாரம் அந்த வளைவுகள் வழியே சுவருக்கு இறங்குகிறது. கட்டடச் சொற்கள் பலவற்றை எனக்கு ஆங்கிலத்திலேயே தெரியாது. ஆனால் இருபத்துமூன்று முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நடுவில ஒரு பெரிய இரும்புத்தூண் நிக்குதாம். வெளிய தெரியாமல் சுவருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கினமாம்" என்றேன்.

"நடுவில நிக்கிற தூண் எப்பிடி மகள் சுவருக்குள்ள நிக்கும்?"

கணேசமூர்த்தி அங்கிள் வாங்கிலிருந்து எழுந்துவிட்டார். பிஸ்கற்றைப் பொறுத்தவரால் இதைப் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் அணைக்கட்டுப் பார்த்த மனிதர். பாரம் எங்கே இறங்குகிறது என்பதில் விளையாடக் கூடாது. என்னைத் தாண்டி நேராக வேரா அம்மையாரிடம் போய், கையை உயர்த்தி, நாங்கள் யாரும் எதிர்பாராத ஒரு மொழியில் பேசத் தொடங்கினார்.

ரஷ்ய மொழி.

தவாரிஷ்

அவர் இளவயதில் ஸ்கொலர்ஷிப் கிடைத்து மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்தவர். சோவியத் காலம். ஐம்பது வருடமாக அந்த மொழியை வாயில் எடுத்ததில்லையாம். எடுத்த முதல் சொல்லே சறுக்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை மரியாதையாக எப்படி அழைப்பது என்று அவருக்கு அங்கே பழக்கியிருந்தார்களோ, அப்படியே அழைத்தார்.

"தவாரிஷ்!"

தோழர் என்று அர்த்தம். எனக்கே அந்தச் சொல் தெரியும். அந்தத் தேவாலயத்துக்குள் அது ஒலித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். இந்தக் கூரையைக் கட்டியவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியவர்களும், அவர்களின் உறவுகளைப் பிடித்துக்கொண்டு போனவர்களும், ஒருவரை ஒருவர் அழைத்தது அந்தச் சொல்லால்தான்.

வேரா அம்மையாரின் முகம் இறுகியது. கையிலிருந்த சாவிகள்கூட ஓசைப்படவில்லை. அது விளங்காமல் அங்கிள் தன் மொஸ்கோப் படிப்பையும் சொல்லிவைத்தார். பிறகு வேரா மெதுவாக ஒரு வசனம் சொன்னார்.

கணேசமூர்த்தி அங்கிள் எங்கள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"'நீங்க படிச்ச கட்டடம் என்ட தாத்தாட வீடாக்கூட இரிக்கும்' எண்டு சொல்றா."

அங்கிள் தலையைச் சொறிந்தார். பிறகு தட்டுத் தடுமாறி ரஷ்ய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். எங்களுக்கும் சொன்னார்.

"நான் சொன்னன், 'அப்பிடியெண்டா மன்னிக்கணும். ஆனா உங்கட தாத்தாட வீட்டில சூடு நல்லா வேலை செஞ்சது. மட்டக்களப்பில இருந்து ஒரு மெல்லிய சேட்டைப் போட்டுக்கிட்டுப் போன நான் உயிரோட திரும்பி வந்தன்.'"

வேரா அம்மையாருக்கு முதலில் மூக்கால் ஒரு மூச்சு வந்தது. பிறகு தோள் குலுங்கியது. சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பின் அவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அவர் ரஷ்ய மொழியில் சொல்ல, அங்கிள் தமிழில் சொன்னார். வளைவுகளைப் பற்றி இருவரும் கையால் காற்றில் கீறிக் கீறிக் கதைத்தார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மொழிபெயர்ப்பாளரை நம்பி நிற்கிறவளானேன். அந்தப் பெண் உண்மையில் என்ன சொல்கிறார், இவர் எதைக் கூட்டுகிறார், எதைக் குறைக்கிறார், ஒன்றும் தெரியாது. நீதிமன்றக் கதிரையில் என்னைப் பார்த்தபடி இருந்தவர்களின் கண்களில் இருந்த சந்தேகம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிலோமினா அன்ரியின் கேள்வி

இந்தக் கலகலப்பில் ஒருவர் கூட்டத்தைவிட்டு விலகிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பிலோமினா அன்ரி மன்னார்க்காரர். மகளோடு மோர்னிங்சைடில் இருக்கிறார். ஞாயிறு பூசை தவறமாட்டார். ஆனால் கார்த்திகையில் மற்றவர்கள் இறந்தவர்களுக்குத் திரி கொளுத்தும்போது இவர் கொளுத்துவதில்லை. அவர் கணவர் சூசை, போர் நாட்களில் அன்ரியையும் பிள்ளையையும் ராமேஸ்வரம் போகும் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "நான் அடுத்த வள்ளத்தில வாறன்" என்று கரையில் நின்றவர். அடுத்த வள்ளம் வந்து சேரவில்லை. கவிழ்ந்தது என்றார்கள், பிடிபட்டது என்றார்கள், வேறு கரையில் ஒதுங்கியது என்றும் சொன்னார்கள். ஒருமுறை நான் அவருக்கு ஓர் அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். "மணமானவர்" என்ற பெட்டியில்தான் அடையாளம் இடச் சொன்னார். கணவரின் முகவரி கேட்ட இடத்தில் "பயணத்தில்" என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

அன்றைக்கு அவர் பக்கச் சுவரில் பதித்திருந்த சலவைக்கல் பலகைகளின் முன்னால் நின்றார். மேலிருந்து கீழ்வரை பெயர்கள். முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு.

"உது ஆற்ற பேருகள்?" என்று கேட்டார்.

வேரா அம்மையார் சொல்ல, அங்கிள் சொன்னார். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள். கடைக்குப் பாண் வாங்கப் போனவர், விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், ரயில் ஏறியவர். எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாதவர்கள்.

பிலோமினா அன்ரி வாசலில் இருந்த பெட்டியிலிருந்து தேன்மெழுகுத் திரி ஒன்றை எடுத்து வந்தார். விரலளவுதான் தடிப்பு. "இதை எங்க வைக்கிறது?"

வேரா அம்மையார் இரண்டு இடங்களைக் காட்டினார். படங்களுக்கு முன்னால், உயரமான காலில் நிற்கும் வட்டமான பித்தளைத் தட்டு ஒன்று. சுவரோரமாக, சிறிய சிலுவை ஒன்று வைத்த தாழ்ந்த சதுர மேசை ஒன்று. ஏதோ கேட்டார்.

கணேசமூர்த்தி அங்கிள் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்து, "நீயே கேள் மகள்" என்றார். விஷயத்தை என் காதில் சொன்னார்.

காலையிலிருந்து பொய் சொன்ன வாயால் கேட்டேன்.

"அன்ரி, உயிரோட இருக்கிற ஆளுக்கெண்டால் இந்த உயரமான தட்டிலயாம். கண்ணை மூடி மோசம்போன ஆளுக்கெண்டால் அந்தச் சின்ன மேசையிலயாம். உங்களுக்கு எது எண்டு கேக்கிறா."

அன்ரி திரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெழுகு கைச்சூட்டில் மெல்ல வளைந்தது.

"தெரியாத ஆக்களுக்கு எங்க வைக்கிறது?"

இதை நான் வேரா அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் அங்கிள் பக்கம் திரும்பினார். பிறகு ரஷ்ய மொழியில் நீண்ட நேரம் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது. அங்கிள் தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் கொஞ்சம் தாமதித்து, பிலோமினா அன்ரியைப் பார்த்துச் சொன்னார்.

"இவட அம்மம்மாவுக்கும் இதே பிரச்சினைதானாம். புருஷனைப் பிடிச்சிட்டுப் போனவங்க, ஆள் திரும்பி வரல்ல. அம்மம்மா வருசக்கணக்கா இந்த உயரமான தட்டிலதான் வச்சவ. தொண்ணூறு வயசில ஒரு நாள், 'அந்த மனுசனும் சுகமா இருந்து இருந்து களைச்சிருப்பார், இனிப் படுக்கட்டும்' எண்டு சொல்லி அந்தச் சின்ன மேசைக்கு மாத்திட்டாவாம்."

பிலோமினா அன்ரி சிரித்துவிட்டார். சத்தமாக. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த மேசையைப் பார்த்தார். அதில் நாலைந்து திரிகள் எரிந்துகொண்டிருந்தன. ஓரடி அந்தப் பக்கம் வைத்தார். உதடுகள் அசைந்தன. விரலில் எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"சூசைக்கு வாற ஐப்பசியோட எழுபத்தாறு" என்றார். "அது களைக்கிற வயசில்லை."

திரும்பி உயரமான தட்டுக்குப் போனார். அவருக்கு எட்டவில்லை. அங்கிள் வாங்கி வைக்கப் போனார், கொடுக்கவில்லை. பெருவிரலில் நின்றார். வேரா அம்மையார் அவர் முழங்கையைத் தாங்கி, திரியின் அடியை வேறொரு சுடரில் இளக்கிக் குழிக்குள் அழுத்தி நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். இரண்டு தரம் சரிந்து, மூன்றாம் தரம் நின்றது.

பெயர் என்ன என்று வேரா கேட்டார். சூசை என்றால் யோசேப்பு, ரஷ்ய மொழியில் இயோசிப் என்று அங்கிள் விளக்கினார். வேரா புருவத்தை உயர்த்தினார். அந்தப் பெயருடைய ஒரு சோவியத் தலைவரால் தங்கள் ஆட்கள் நிறையப் பட்டுவிட்டார்கள் என்றார். "பரவாயில்லை, பெயர் என்ன செய்யும்?" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

வாசலில்

மற்றவர்கள் ரோலும் தேத்தண்ணியும் காத்திருந்த பஸ்ஸுக்குப் போனார்கள். நான் பின்தங்கினேன். மனம் கேட்கவில்லை. வேரா அம்மையாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தளபதி, வனிலா, இரும்புத்தூண்.

அவர் கோபிக்கவில்லை. "பிஸ்கற் நல்லது. அடுத்த குழுவுக்கு நானும் அதையே சொல்வேன்" என்றார்.

"ஆனால் உங்கள் பாட்டி சொன்ன வசனத்துக்கு முன்னால் என் கதை எதுவும் நிற்காது" என்றேன்.

"எந்த வசனம்?"

"சுகமாக இருந்து களைத்திருப்பார் என்று சொல்லித் திரியை மாற்றியது."

வேரா என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. பஸ் நின்ற பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"என் பாட்டி மாற்றவே இல்லை. தொண்ணூற்றொரு வயதில் செத்தாள், அதுவரை மாற்றவில்லை. அவளுக்குப் பிறகு என் அம்மா மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. இதைத்தான் நான் அவரிடம் சொன்னேன்."

அந்தச் சிறு புத்தகத்தைத் திறந்து காட்டினார். முன்பாதி உயிரோடு இருப்பவர்களுக்கு, பின்பாதி இறந்தவர்களுக்கு. பீடத்தில் குருவானவர் தங்கள் சபையாரின் பெயர்களை மட்டும்தான் வாசிப்பார், ஆனால் இது என் சொந்தப் புத்தகம், இதில் யாரை எழுதினாலும் யாரும் கேட்கமுடியாது என்றார். முன்பாதியின் முதல் பக்கத்தில், முதல் வரியில் இருந்த பெயரை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அடியில், மை காயாத எழுத்தில் இன்னொன்று.

"என் தாத்தாவுக்கு இப்போது நூற்று முப்பத்துநாலு வயது" என்றார் வேரா. "நல்ல சுகம்."

பஸ்ஸில் கணேசமூர்த்தி அங்கிள் யன்னலோரம் இருந்து வெளியே மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மம்மா களைச்ச கதை எங்கயிருந்து வந்தது அங்கிள்?"

"கேட்டிட்டியா?" யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "பாவம் மகள். இவ்வளவு வருசம் தூக்கிக்கிட்டுத் திரியிறா. இறக்கி வைக்க ஒரு வழி காட்டலாம் எண்டு நினைச்சன். நீ பிஸ்கற் சுட்டாய், நான் அதைச் சுட்டன்."

"அவ இறக்கி வைக்கேல்லையே."

"ஓம்" என்றார். "அவ என்ட மொழிபெயர்ப்பை நம்பல்ல போல."

நான் எழுந்து போய் பிலோமினா அன்ரிக்கு முன்னால் உள்ள இருக்கையில் திரும்பி முழங்காலில் இருந்தேன். வேரா சொன்னதை, சொன்னபடியே, சொன்ன ஒழுங்கிலேயே தமிழில் சொன்னேன். பாட்டி மாற்றவில்லை. அம்மா மாற்றவில்லை. வேராவும் மாற்றவில்லை. தாத்தாவின் பெயருக்குக் கீழே சூசையின் பெயரும் எழுதியிருக்கிறது.

அன்ரி ரோலைக் கடித்தபடி கேட்டார். கடைசித் துண்டையும் மென்று விழுங்கினார்.

"நூத்தி முப்பத்துநாலோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப சூசை அதுக்குள்ள சின்னப் பெடியன்."

பஸ் புறப்பட்டது. முன்னால் யாரோ பிஸ்கற் மணத்தைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அன்ரி கைதுடைக்கும் தாளால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அந்த ஐயாவின்ர பேர் என்னவாம்?"

"நிக்கொலாய்."

"நிக்கிலாஸ்" என்று தன் வாய்க்கு ஏற்ற மாதிரி சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். பிறகு கைப்பையில் இருந்த செபமாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையைப் பூட்டினார்.

"இண்டைக்குச் செபம் சொல்லேக்க முதல் அவருக்குச் சுகம் கேட்டிட்டுத்தான் சூசைக்குக் கேப்பன்" என்றார். "வயசில மூத்தவரெல்லோ."